மெல்லிறகு ஈ: ஒரு கைத்தொழிலின் வரலாறு

ஒரு கைத்தொழில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருங்கால், உண்மையில் கைமாறுவது எது? கருவிகள் மாறிவிடுகின்றன. பொருள்கள் அருகிப் போகின்றன. பழம்பெயர்கள் மட்டும் பல வேளைகளில் எஞ்சி நிற்கின்றன. பெயரை மட்டும் பெற்றுக்கொண்டவன் தொழிலைப் பெற்றவன் ஆவானா? இவ்வினாவுக்கு விடை கூறத்தக்க சிறியதொரு சான்று உண்டு. அது, வட இங்கிலாந்திலும் ஸ்காத்லாந்திலும் வளர்ந்த மெல்லிறகு ஈ கட்டும் கலையாகும்.

டிரவுட் என்பது குளிர்ந்த, தெளிந்த, ஓடும் நீரில் வாழும் மீன். வெப்பநாட்டுத் தாழ்நிலங்களின் ஆறுகளில் அதனைக் காண இயலாது. ஓடையின் கற்களிடையே வளரும் பூச்சிகள் அதன் உணவுகளுள் தலையாயவை. இப்பூச்சிகள் நீருக்கடியில் இளவுயிரிகளாக வளர்ந்து, பருவம் வந்ததும் மேலெழுந்து, தோலுரித்துச் சிறகு விரித்துப் பறந்து செல்கின்றன. ‘மே ஈ’ எனப்படும் இனம் அவற்றுள் புகழ்பெற்றது. சிறகு பெற்றபின் ஓரிரு நாள்களே அது உயிர்வாழும். இத்தகைய நொய்ய பூச்சியை முள்ளில் குத்தி இரையாக்குதல் அரிது. ஆகவே, பட்டு நூலும் விலங்கு மயிரும் பறவை இறகும் கொண்டு பூச்சியின் போலியைத் தூண்டில் முள்ளின்மேல் கட்டும் வழக்கம் தோன்றியது. அப்போலியே ‘தூண்டில் ஈ’ ஆகும்.

தூண்டில் ஈக்களுள் மிக எளியது மெல்லிறகு ஈ. ஏறத்தாழ ஒரு செண்டிமீட்டர் நீளமுள்ள முள். அதன் தண்டின்மேல் சுற்றிய பட்டு நூல். தலைப்பக்கத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிய ஓர் இறகு. இவ்வளவே அதன் உறுப்புகள். அது சிறகு விரித்து நீரின்மேல் மிதப்பதில்லை. நீருள் அமிழ்ந்து செல்கிறது. காண்பவர் கண்ணுக்கு அது எந்தப் பூச்சியையும் ஒத்திராது. ஆயினும், ஓடும் நீரில் இட்டவுடன் அதன் இறகிழைகள் ஒடுங்கியும் விரிந்தும் அசையும். அவ்வசைவே அதன் உயிர்.

பண்டைச் சான்றுகள்

செயற்கை ஈயைப் பற்றிய பழங்குறிப்புகளுள் முதன்மையானது, கி.பி. 200 அளவில் உரோமப் பேரரசில் வாழ்ந்து கிரேக்க மொழியில் எழுதிய ஈலியன் என்பாருடையது. மாசிடோனிய நாட்டில், பெரோயாவுக்கும் தெசலோனிக்காவுக்கும் இடையே ஓடிய அஸ்திரேயஸ் என்னும் ஆற்றில் புள்ளிகளையுடைய மீன்கள் வாழ்ந்தன என்றும், அவை நீர்மேல் பறக்கும் ஒருவகை ஈயை விரும்பி உண்டன என்றும் அவர் எழுதுகிறார். அந்த ஈயை மனிதன் கையால் தொட்டால் அதன் நிறம் கெட்டுச் சிறகு வாடிவிடும்; இரையாகப் பயன்படாது. ஆதலின் அந்நாட்டு மீன்பிடிப்போர் முள்ளின்மேல் செந்நிறக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் தாடிக்குக் கீழ் வளரும் மெழுகு நிற இறகுகள் இரண்டினை அதனுடன் பொருத்தினர். ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே, எந்தப் பறவையின் எந்த இடத்து இறகு என்று வரையறுத்துக் கூறும் வழக்கம் இருந்தமை இதனால் புலனாகிறது.

இதன்பின் இங்கிலாந்தில், 1496-ஆம் ஆண்டு விங்கின் டி வோர்ட் என்னும் அச்சாளர் தூண்டிலால் மீன்பிடிக்கும் முறையைப் பற்றிய ஒரு நூலை வெளியிட்டார். ஜூலியானா பெர்னர்ஸ் என்னும் துறவிப் பெண்மணி இயற்றியதாக அது வழிவழியாகக் கூறப்படினும், அதற்கு உறுதியான சான்று இல்லை. மாதங்களுக்கேற்பப் பன்னிரண்டு ஈக்களை அந்நூல் எடுத்துரைக்கிறது. கம்பளியால் உடல், கவுதாரி இறகால் சிறகு என்ற அமைப்பு அப்பட்டியலின் தொடக்கத்திலேயே காணப்படுகிறது. அன்று முதல் இன்று வரை கவுதாரி இறகு இக்கலையை விட்டு நீங்கவில்லை.

1653-இல் ஐசக் வால்ட்டன் எழுதிய புகழ்பெற்ற தூண்டில் நூலுக்கு, 1676-இல் சார்லஸ் காட்டன் இரண்டாம் பகுதி ஒன்றை எழுதிச் சேர்த்தார். டவ் என்னும் தெளிந்த ஆற்றின் கரையில் வாழ்ந்த காட்டன், மெலிந்த உடலுடைய ஈக்களையே விரும்பினார். இலண்டன் நகரத்து முறையில் பருமனாகக் கட்டப்பட்ட ஓர் ஈயை, கண்டு நகைப்பதற்காகத் தம் வீட்டுச் சாளரத்தில் தொங்கவிடப் போவதாக அந்நூலில் அவர் எள்ளல் செய்கிறார். குறைந்த பொருளால் நிறைந்த பயன் காணும் போக்கின் தொடக்கத்தை இங்குக் காணலாம்.

வடநாட்டு ஆறுகளும் கைப்பட்டியல்களும்

மெல்லிறகு ஈ தனிமரபாகத் தழைத்த இடம் யார்க்சயர் வட்டாரமாகும். வார்ஃபு, நிட், யூர், ஸ்வேல் ஆகிய ஆறுகள் மேட்டு நிலங்களில் மழைநீரால் பெருகி, பாறைகளிடையே விரைந்து ஓடுபவை. இத்தகைய ஓட்டத்தில் மீனுக்கு இரையை ஆய்ந்து நோக்கக் காலமில்லை. கண்ணெதிரே ஏதோ ஒன்று உயிருடன் அசைந்து செல்கிறது; கொள்வதா விடுவதா என்று நொடிப் பொழுதில் அது முடிவு செய்ய வேண்டும். ஆகவே இங்கு உருவத்தினும் அசைவே முதன்மை பெற்றது.

இவ்வட்டாரத்தில் ஈ கட்டியவர்கள் தம் அறிவைப் பெரும்பாலும் கையெழுத்துப் பட்டியல்களாகவே எழுதி வைத்தனர். 1807-ஆம் ஆண்டில் ஜான் சுவார்பிரிக் என்பவர் எழுதிய வார்ஃபு ஆற்றுப்பகுதி ஈக்களின் பட்டியல் நூறு ஆண்டுகள் கழித்து, 1907-இல்தான் அச்சேறியது. இத்தகைய பட்டியல்களின் நடை மிகச் சுருக்கமானது. பறவையின் பெயர், இறகின் இடம், பட்டு நூலின் நிறம், பயன்படுத்தும் மாதம் ஆகியவற்றோடு அவை நின்றுவிடும். காரணம் கூறப்படுவதில்லை. காரணம் அறிந்தவர்களுக்காகவே அவை எழுதப்பட்டன. தந்தை மகனுக்கும் முதியவர் இளையவருக்கும் ஆற்றங்கரையிலேயே காட்டிக் கொடுத்த ஒன்றை ஏட்டில் எழுதும் தேவை எழவில்லை.

ஈக்களின் பெயர்களும் இப்பட்டியல் நடையிலேயே அமைந்தன. ‘கவுதாரியும் செம்மஞ்சளும்’ என்றால் கவுதாரி இறகும் செம்மஞ்சள் பட்டும் கொண்ட ஈ என்பது பொருள். ‘உள்ளானும் ஊதாவும்’ என்பதும் அவ்வாறே. பெயரே செய்முறையாக நின்றது. ‘புளோ’ என்னும் வட்டாரச் சொல்லும் பல பெயர்களில் வருகிறது. மழைமுகிலின் நீலங்கலந்த சாம்பல் நிறத்தை அது குறிக்கும். பொதுவழக்கில் இல்லாத அச்சொல்லை இந்த ஈக்களின் பெயர்கள் காத்துவைத்திருத்தல், மொழி கற்பிப்போர் கருதத்தக்கதொரு செய்தியாகும். தாழைக்கோழியின் சிறகு இறகால் கட்டப்படும் ‘தாழைக்கோழிப் புளோ’ அவற்றுள் மிகப் பெயர்பெற்றது.

காரணத்தைக் கூறியவர்

பட்டியல்கள் கூறாது விட்ட காரணத்தைத் தெளிவாக எடுத்துரைத்தவர் ஸ்காத்லாந்தைச் சேர்ந்த டபிள்யூ. சி. ஸ்டூவர்ட் ஆவார். 1857-இல் வெளிவந்த அவருடைய செயல்முறைத் தூண்டில் நூல், தெளிந்த நீரில் டிரவுட் பிடிப்பதைச் சிறப்பாக ஆராய்கிறது. மீன் நீரோட்டத்தை எதிர்நோக்கி நிற்பதால், பின்புறமிருந்து மேல்நோக்கித் தூண்டில் வீச வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். எண்ணற்ற ஈக்களைச் சுமந்து திரிவதையும் அவர் ஏற்கவில்லை.

ஸ்டூவர்ட்டின் பெயரோடு இணைந்தவை மூன்று ‘சிலந்தி’ ஈக்கள். சிலந்தியின் கால்கள் போல் இழைகள் பரந்து நிற்பதால் இப்பெயர் ஏற்பட்டது. கருஞ்சிலந்திக்கு ஸ்டார்லிங் பறவையின் கழுத்திறகு. செஞ்சிலந்திக்கு லேண்ட்ரெயில் பறவையின் சிறகிறகு. சாம்பற் சிலந்திக்கு டாட்டரல் பறவையின் இறகு. ஸ்டார்லிங் மைனாவின் குடும்பத்தைச் சேர்ந்தது. லேண்ட்ரெயில் கானாங்கோழியின் உறவு. டாட்டரல் உப்புக்கொத்தி இனத்தது. ஜேம்ஸ் பெய்லி என்னும் மீன்பிடிப்பாளரிடமிருந்தே கருஞ்சிலந்தியைத் தாம் அறிந்ததாக ஸ்டூவர்ட் நன்றியுடன் குறிப்பிடுகிறார். நூல் எழுதாத கைவல்லாரின் பெயரை நூல் எழுதியவர் மறைக்காமல் காத்தது போற்றத்தக்கது.

சேவலின் கழுத்திறகு விறைப்பானது. நீரில் இட்டால் அசையாது நிற்கும். சிறுபறவைகளின் இறகோ மென்மையானது. நீரின் சிறு அசைவுக்கும் இசைந்து கொடுத்து, உயிருள்ள பூச்சியின் கால் துடிப்பைப் போன்ற தோற்றம் தரும். ஸ்டூவர்ட் கூறிய காரணம் இதுவே. பறவையின் பெயரைக் காட்டிலும் இறகின் மென்மையே இன்றியமையாதது என்னும் கருத்து இதனுள் அடங்கியிருந்தது. அதன் முழுப்பொருள் பின்னாளில்தான் வெளிப்பட்டது.

இறகு தேர்தல்

நல்ல இறகைத் தேர்ந்தெடுக்கும் முறையை நோக்கின் இக்காரணம் ஒவ்வொரு படியிலும் செயற்படுவதைக் காணலாம்.

முதலில் பார்க்க வேண்டுவது இழையின் நீளம். இறகின் தண்டை மெல்ல வளைத்தால் இழைகள் செங்குத்தாக விரிந்து நிற்கும். அவற்றை முள்ளின் அருகே வைத்து அளக்க வேண்டும். இழை முள்ளின் வளைவு வரையிலோ அதற்குச் சற்றே அப்பாலோ எட்டுமாயின் அது பொருந்தும். மிக நீண்ட இழைகள் நீரில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்; மிகக் குறுகியவை அசையா. பெரிய பறவையின் இறகு சிறிய முள்ளுக்கு ஒவ்வாமல் போவது இதனாலேயே. ஒரு கவுதாரியின் முதுகில் இறகுகள் பல இருப்பினும் மிகச் சிறிய முட்களுக்கு ஏற்றவை சிலவே.

இரண்டாவது மென்மை. இறகை உதட்டருகே பிடித்து மெல்ல ஊதினால் இழைகள் தனித்தனியே சிலிர்த்து அடங்க வேண்டும். ஒரு கிண்ணத்து நீரில் நனைத்து அசைத்துப் பார்ப்பது இன்னும் சிறந்த தேர்வு. உலர்ந்த நிலையில் அழகாய்த் தோன்றும் இறகு நனைந்தபின் பயனற்றுப் போதலும், பொலிவற்ற இறகு நனைந்தபின் உயிர்பெறுதலும் உண்டு.

மூன்றாவது தண்டு. அது மெலிந்து வளையத்தக்கதாக இருத்தல் வேண்டும். தடித்த தண்டு முள்ளின் தலையில் திரண்டு நின்று ஈயின் வடிவத்தைக் கெடுக்கும். சுற்றும்போது முறிந்தும் போகும்.

நான்காவது நிறம். அதனை மேசைமேல் வைத்து நோக்கினால் போதாது. நனைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து நோக்க வேண்டும். நீருக்கடியிலிருந்து மேல்நோக்கும் மீன், வானத்தின் ஒளியினூடேயே பெரும்பாலும் ஈயைக் காண்கிறது அன்றோ?

ஐந்தாவது இறகின் இடமும் பருவமும். ஒரே உள்ளானின் சிறகில், மேற்புற விளிம்பில் உள்ள சிற்றிறகு கருமையானது; ‘உள்ளானும் ஊதாவும்’ என்னும் ஈக்கு அதுவே வேண்டும். சிறகின் அடிப்புறத்து இறகோ வெளிறிய சாம்பல் நிறமுடையது; ‘உள்ளான் புளோ’வுக்கு உரியது அது. கவுதாரியின் முதுகிறகு பழுப்புப் புள்ளிகளைக் கொண்டது. மார்பிறகு சாம்பல் நிறமுடையது. இறகுதிர்ந்து முளைக்கும் பருவத்து இறகு முற்றாமல் இருக்கும். குளிர்காலத்தில் முழு வளர்ச்சி பெற்ற பறவையின் இறகே சிறந்தது. சேர்த்த இறகுகளை அந்து அரிக்காதவாறு மூடிக் காப்பதும் தொழிலின் ஒரு பகுதியே.

கட்டும் முறை

பழைய வடநாட்டுத் தொழிலாளர்களுள் பலர் இடுக்கி எதனையும் பயன்படுத்தாமல் முள்ளை இடக்கை விரல்களால் பிடித்துக்கொண்டே ஈ கட்டினர். முட்களில் நூல் கோக்கும் துளையும் பண்டு இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில்தான் துளையுள்ள முட்கள் பரவின.

முதலில் பட்டு நூலுக்கு மெழுகு பூச வேண்டும். செருப்புத் தைப்போர் பயன்படுத்தும் பழுப்பு மெழுகே பழைய முறை. மஞ்சட் பட்டு அம்மெழுகு பட்டு நனையும்போது ஆலிவ் காயின் பசுமை கலந்த நிறமாக மாறும். இயற்கைப் பூச்சியின் உடல் நிறமும் அதுவே. நூலை முள்ளின் தலையிலிருந்து பின்னோக்கி நெருக்கமாகச் சுற்ற வேண்டும். முள்ளின் கூர்முனைக்கு நேராக வந்ததும் நிறுத்திவிடல் நன்று. உடல் குறுகியிருத்தல் வடநாட்டு மரபு. தாழைக்கோழிப் புளோவுக்கு, மண்ணுக்குள் வாழும் மோல் என்னும் சிற்றுயிரின் மென்மயிரைச் சிட்டிகையளவு எடுத்து நூலோடு முறுக்கிச் சுற்றுவர். அடியிலுள்ள மஞ்சட் பட்டு அதனூடே தெரிதல் வேண்டும். மயிர் மிகுந்தால் ஈ கெட்டது.

பின்னர், இறகின் அடியிலுள்ள பஞ்சுபோன்ற பகுதியைக் களைந்து, இறகைத் தலைப்பக்கத்தில் கட்டி, முள்ளைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். ஒன்றரைச் சுற்றே போதும் என்பாரும் உண்டு. மூன்றாம் சுற்று ஆசையால் வருவது. அது இழைகளை நெருக்கி அவற்றின் அசைவைத் தடுக்கும். இறகு மீனின் பற்களால் அறுபடாமல் இருக்க, அதனை நூலோடு சேர்த்து முறுக்கிச் சுற்றும் முறையை ஸ்டூவர்ட் கையாண்டார். இறுதியில் சிறிய முடிச்சொன்றால் தலையை முடித்தால் ஈ நிறைவுறும். பயின்ற கைக்கு இது சில நிமிட வேலை. எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அறிவதற்கோ ஆண்டுகள் ஆகும்.

ஏட்டில் ஏறிய மரபு

கைப்பட்டியல்களாகச் சிதறிக் கிடந்த வடநாட்டு மரபை அச்சில் தொகுத்தவர் டி. ஈ. பிரிட் ஆவார். 1885-இல் ‘யார்க்சயர் டிரவுட் ஈக்கள்’ என்ற பெயரில் வெளிவந்த அவருடைய நூல், அடுத்த ஆண்டே ‘வடநாட்டு ஈக்கள்’ என்ற பெயருடன் மீண்டும் வெளியாயிற்று. அறுபத்திரண்டு ஈக்களை வண்ணப் படங்களுடன் அது விளக்கியது. முழுமையடைந்த பூச்சியின் உருவத்தை அப்படியே படைத்து அதற்கு உயிர்த் தோற்றமும் தருவது கடினம். நீரில் தத்தளிக்கும் முழுமையடையாத பூச்சியை ஒத்த ஒன்றை அமைப்பது எளிது என்பது பிரிட்டின் கருத்து.

1916-இல் எட்மண்ட்ஸ், லீ என்னும் இருவர் எழுதிய நூல் இன்னும் ஒருபடி மேலே சென்றது. அவர்கள் ஈக்களை இயற்கைப் பூச்சிகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்தனர். மிகக் குறைந்த படிகளே அச்சிட்ட சிறப்புப் பதிப்பில் உண்மையான இறகு, பட்டு, மயிர் ஆகியவற்றையே ஏட்டில் பொருத்தி வைத்தனர். ‘சாம்பல் நிறம்’ என்னும் சொல் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பொருள் தரும். இறகையே கண்முன் வைத்துவிட்டால் ஐயத்துக்கு இடமில்லை. பெயரால் குறிக்க இயலாததைப் பொருளால் காட்டிய இம்முயற்சி, சொல்லின் எல்லையை உணர்ந்த அறிஞர் செயலாகும்.

தெற்கிலிருந்து எழுந்த எதிர்ப்பு

பிரிட்டின் நூல் வெளிவந்த காலத்திலேயே தென் இங்கிலாந்தில் வேறொரு கொள்கை வலுப்பெற்றது. டெஸ்ட், இச்சென் முதலிய ஆறுகள் சுண்ணக்கல் நிலத்து ஊற்றுகளால் பெருகி, பளிங்கு போல் தெளிந்து மெல்ல ஓடுபவை. அங்கு எஃப். எம். ஹால்ஃபர்டு, 1886-இலும் 1889-இலும் வெளியிட்ட நூல்களால், நீர்மேல் மிதக்கும் ஈயே சிறந்தது என்ற கொள்கையை நிலைநாட்டினார். விறைத்த சேவலிறகு கொண்டு, மிதக்கும் பூச்சியை நிறத்தாலும் உருவத்தாலும் ஒத்த ஈக்களை அவர் அமைத்தார். அவருடைய ஆய்வு நுணுக்கமானது, அதில் ஐயமில்லை. ஆனால் அவரைப் பின்பற்றியோர் அதனை ஒரு சமயக் கட்டளையாகவே மாற்றிவிட்டனர். அமிழும் ஈயைப் பயன்படுத்துதல் அத்தென்னாட்டு ஆறுகளில் இழிவாகக் கருதப்பட்டது.

இதனை எதிர்த்து எழுதியவர் ஜி. ஈ. எம். ஸ்கியூஸ் என்னும் வழக்கறிஞர். மீன் தன் உணவின் பெரும்பகுதியை நீருக்கடியிலேயே கொள்கிறது என்பதைக் கண்ட அவர், 1910-இலும் 1921-இலும் வெளியிட்ட நூல்களில், இளவுயிரியைப் போன்ற அமிழும் ஈக்களைச் சுண்ணநில ஆறுகளிலும் முறையாகப் பயன்படுத்தலாம் என்று நிறுவினார். ஹால்ஃபர்டு 1914-இல் மறைந்த பின்னும் அவர் கொள்கை ஓயவில்லை. 1938-இல் இலண்டன் தூண்டிலாளர் மன்றத்தில் இதுபற்றிப் பெரியதொரு சொற்போர் நடந்தது. ஸ்கியூஸ் அப்போது எண்பது அகவையை நெருங்கியிருந்தார். பல்லாண்டுகள் மீன்பிடித்து வந்த இச்சென் ஆற்றுப்பகுதியை அதே ஆண்டில் அவர் விட்டு நீங்கினார்.

ஹால்ஃபர்டின் நூல்களும் காரணங்களோடு எழுதப்பட்டவையே. அவர்தம் ஆற்றுக்கு அக்காரணங்கள் பொருந்தின. ஆனால் வழித்தோன்றல்கள் காரணத்தை விட்டு விதியை மட்டும் கைக்கொண்டனர். அவ்விதியே பின்னர் கண்முன் நிகழ்ந்ததைக் காணவொட்டாமல் அவர்களைத் தடுத்தது.

கடல் கடந்த மரபு

அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் லைசன்ரிங் இம்மரபைப் பேணினார். ஸ்கியூசுடன் கடிதத் தொடர்பு கொண்டிருந்த அவர், வெர்னன் ஹைடியின் துணையுடன் 1941-இல் அமிழும் ஈ கட்டும் முறை பற்றி ஒரு சிறுநூல் வெளியிட்டார். போர்க்காலத்தில் அது பரவலான கவனம் பெறவில்லை. 1971-இல் ஹைடி அதனை விரிவாக்கி மீண்டும் வெளியிட்டார். 1975-இல் சில்வெஸ்டர் நீம்ஸ் எழுதிய நூல் ‘மெல்லிறகு ஈ’ என்ற பொருளுடைய பெயரையே தலைப்பாகத் தாங்கி வந்தது. மறக்கப்பட்டிருந்த பழைய வடநாட்டு ஈக்கள் அதன்பின் அமெரிக்க ஆறுகளில் மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தன. 2011-இல் மறையும் வரை நீம்ஸ் இக்கலையை எழுதியும் கற்பித்தும் வந்தார்.

பறவைகள் கொடுத்த விலை

இதுகாறும் கூறியவை மனிதர் பக்கத்து வரலாறு. இறகு தந்த பறவைகளின் பக்கத்தையும் நோக்குதல் முறையாகும்.

டாட்டரல், மலை உச்சிகளில் கூடு கட்டும் பறவை. ஆண்பறவையே பெரும்பாலும் முட்டைகளை அடைகாக்கும். மனிதரைக் கண்டு எளிதில் அஞ்சாத இயல்புடையது. அவ்வியல்பை அறியாமையாகக் கருதிய மக்கள், மதிகெட்டவரைக் குறிக்கும் சொல்லோடு தொடர்புடைய பெயரை அதற்கு இட்டனர். எளிதில் அகப்பட்டதால் உணவுக்காகவும் இறகுக்காகவும் அது பெருமளவில் கொல்லப்பட்டது. 19-ஆம் நூற்றாண்டில் வட இங்கிலாந்தின் ஏரி மாவட்ட மலைகளில் அது அருகியதற்குத் தூண்டிலாளரின் தேவையும் ஒரு காரணமாக அமைந்தது. சிறிய ஈ ஒன்றுக்கு ஓர் இறகே போதும்; ஆயினும் அந்த ஓர் இறகுக்காக ஒரு பறவை வீழ்த்தப்பட்டது.

லேண்ட்ரெயில் பறவையின் அழிவுக்குக் காரணம் வேறு. அது புல்வெளிகளில் கூடு கட்டுவது. புல்லறுக்கும் எந்திரங்கள் வந்து, அறுவடையும் முற்பட்டபோது, முட்டைகளும் குஞ்சுகளும் அழிந்தன. இங்கிலாந்தின் பெரும்பகுதியிலிருந்து அது மறைந்துவிட்டது. பிரிட்டனில் 1981-ஆம் ஆண்டுச் சட்டம் இவ்விரு பறவைகளுக்கும் காப்பளிக்கிறது. ஒரு காலத்தில் கணக்கின்றித் திரிந்த ஸ்டார்லிங்கும் சாம்பற் கவுதாரியும் கூட இன்று அந்நாட்டில் மிகவும் குறைந்துவரும் பறவைகளின் பட்டியலில் இடம்பெற்றுள்ளன.

இவ்வரலாறு தமிழ்நாட்டையும் தொட்டுச் சென்றதுண்டு. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழும் சாம்பல் நிறக் காட்டுக்கோழியின் கழுத்திறகில் மெழுகுத் துளிபோல் மின்னும் புள்ளிகள் உண்டு. அவ்விறகு மெல்லிறகு அன்று; ஆயினும் சால்மன், டிரவுட் மீன்களுக்கான பலவகை ஈக்களை அணிசெய்ய ஐரோப்பியர் அதனை விரும்பி வாங்கினர். பறவைத்தோல், இறகு ஆகியவற்றின் ஏற்றுமதியை 1902-இல் இந்திய அரசு தடைசெய்தது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டுயிர்களுக்கு மேலும் வலிமையான அரணாயிற்று. இன்று மேல்நாட்டுக் கடைகளில் முறைப்படி விற்கப்படும் அவ்விறகு, பண்ணையில் வளர்த்த கோழிகளிடமிருந்து பெறப்படுவதாகும்.

பெயரும் காரணமும்

டாட்டரலும் லேண்ட்ரெயிலும் கிடைக்காமற் போனபோது ஈ கட்டுவோர் இருவகையினராயினர். பெயரை மட்டும் அறிந்தவர்கள், பழைய பட்டியலில் கூறிய பறவையின் இறகே வேண்டும் என்று தேடினர். கிடைக்காதபோது அந்த ஈ செத்துவிட்டது என்று கருதினர். காரணத்தை அறிந்தவர்கள் அவ்வாறு கலங்கவில்லை. டாட்டரல் இறகு ஏன் விரும்பப்பட்டது? அதன் மென்மைக்காக; சாம்பல் கலந்த பழுப்பு நிறத்துக்காக; மஞ்சள் தோய்ந்த நுனிக்காக; சிறு முள்ளுக்கேற்ற அளவுக்காக. இவை வேறோர் இறகில் இருக்குமாயின் அதுவே போதும். ஸ்டார்லிங்கின் சிறகடி இறகும், பொன்னிற உப்புக்கொத்தியின் இறகும் மாற்றாயின. அவற்றையும் தவிர்க்க விரும்புவோர்க்கு வீட்டுப் பெட்டைக்கோழியின் இறகு உண்டு. இறகுக்கென்றே தேர்ந்து வளர்க்கப்படும் கோழியினங்கள் 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெருகின. அவற்றுள் பெட்டையின் மெல்லிய கழுத்திறகு, வேண்டிய நிறமூட்டிய நிலையிலும் கிடைக்கிறது. முன்னர்க் கூறிய ஐந்து தேர்வுகளுக்கும் அதனை உட்படுத்தலாம். நல்லதைக் கொண்டு அல்லதைத் தள்ளலாம்.

பழம்பட்டியல்களால் பயனில்லை என்பது இதன் கருத்தன்று. சுவார்பிரிக்கும் பிரிட்டும் எழுதி வைத்திராவிட்டால், எந்த நிறத்தை, எந்த அளவை நாடுவது என்பதே தெரியாமற் போயிருக்கும். எட்மண்ட்சும் லீயும் ஏட்டில் பொருத்திய இறகு, இன்று மாற்று இறகு தேடுவோர்க்கு அளவுகோலாக நிற்கிறது. பட்டியலைப் படிப்பவன் ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் ‘ஏன்’ என்ற வினாவை எழுப்புதல் வேண்டும் என்பதே கருத்து. கேட்டவனுக்குப் பட்டியல் வழிகாட்டியது. கேளாதவனுக்கு அதுவே வழியை அடைத்தது.

‘டாட்டரலும் மஞ்சளும்’ என்ற பெயருடைய ஈ இன்றும் யார்க்சயர் ஆறுகளில் நீந்துகிறது. மஞ்சட் பட்டு மாறவில்லை. இரண்டு சுற்று என்ற கணக்கும் மாறவில்லை. இறகு மட்டும் இன்று வேறு பறவையினுடையது. ஆற்றில் நிற்கும் மீனுக்கு அவ்வேறுபாடு தெரிந்ததாகத் தோன்றவில்லை. அதே வேளையில், ஸ்காத்லாந்து மலை உச்சிகளில் எஞ்சிய டாட்டரல் பறவைகள் பாசி படர்ந்த தரையில் முட்டைகளை அடைகாத்து அமர்ந்திருக்கின்றன. மனிதர் அருகில் வந்தாலும் அவை எளிதில் எழுந்து பறப்பதில்லை.